கார்டுக்கு வண்ணம் பூசலாமா?

ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை. 1992-ல் இன்டெல் நிறுவனம் பி.சி.ஐ. முறையைக் கொண்டுவந்தபோது, அதில் செருகும் பச்சை நிறக் கார்டுகள் தகரப் பெட்டிக்குள் மறைந்தே கிடந்தன. இன்று பல பெட்டிகளுக்குப் பக்கச் சுவரே கண்ணாடி. உள்ளே இருப்பதும் அழகாக இருக்க வேண்டும் என்று நம் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். கிராபிக்ஸ் கார்டுக்குப் பிடித்த வண்ணம் பூசும் பழக்கம் அப்படி வந்ததுதான்.

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்குள்ளும் இந்த ஆசை நுழைந்தது. கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகன் பழைய கார்டு ஒன்று வாங்கி வந்தான். தங்கை தையல் மெஷின் மிதித்துச் சேர்த்த பணம் அது. கெட்டுப்போனால் இன்னொன்று வாங்க வழியில்லை. "மாமா, முழுசா சிவப்பு அடிச்சுடலாம்" என்றான். கப்பல்களுக்கு வண்ணம் பூசும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். "முதல்ல கழற்றுடா, அப்புறம் பேசலாம்" என்றேன்.

கார்டில் வண்ணம் படக்கூடிய இடங்கள் மூன்றுதான்: விசிறியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கூடு, பின்பக்கத் தகடு, பெட்டியில் திருகி மாட்டும் உலோகப் பட்டை. அந்தப் பட்டையிலும் திருகு உட்காரும் இடத்தை வெறுமையாக விட வேண்டும். பெட்டியோடு எர்த் தொடர்பு அந்த வழியாகவும் கிடைக்கிறது. சர்க்யூட் போர்டு, தங்க முலாம் பூசிய செருகுமுனை, சூட்டை வெளியேற்றும் உலோக இதழ்கள் ஆகியவற்றில் ஒரு துளியும் படக்கூடாது. இதழ்களில் வண்ணம் படிந்தால் சூடு வெளியேறுவது குறையும். விசிறி இறக்கையில் ஏற்றத்தாழ்வாகப் பூசினால் சமநிலை கெட்டு அதிரும்.

கழற்றிய பாகங்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கு ஏற்ற பிரைமர் அடித்தோம். அதன் மேல் ஸ்பிரேயை மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்ததை அடித்தோம். ஒரே மூச்சில் கனமாக அடித்தால் வழியும்.

எங்கள் ஊரில் பெரிய எதிரி ஈரக்காற்று. மழைக்காலத்தில் அடித்தால், கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, வண்ணம் பால் படர்ந்ததுபோல் வெளுத்துவிடும். அதனால் அவனை ஜனவரி வரை காக்க வைத்தேன். முகம் சுளித்தான், ஆனாலும் காத்திருந்தான்.

எங்கள் மட்டாஞ்சேரி அரண்மனையில் ராமாயணக் காட்சிகள் சுவரோவியங்களாக இன்றும் இருக்கின்றன. கேரளச் சுவரோவிய முறையில் சுவரைச் சுண்ணாம்புப் பூச்சால் பக்குவப்படுத்திய பிறகே வண்ணம் தொடுவார்கள். கார்டுக்கும் அதே நியதிதான்: பூசுவதைவிடப் பூசுமுன் செய்வதே பெரிய வேலை.

இன்று அந்தக் கார்டு சிவப்புக் கூட்டோடு முன்போலவே ஓடுகிறது. தங்கை அதைப் பார்த்து, "என் மெஷினுக்கும் இந்தக் கலர் அடிச்சுக் கொடுடா" என்று மகனிடம் கேட்டிருக்கிறாள்!

உங்கள் பிள்ளைகள் இப்படி ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். திருகாணிகளைக் கிண்ணத்தில் போட்டு, பக்கத்தில் உட்காருங்கள்.