தூக்கத்தில் நம்மைப் புரட்டுவது யார்?

நன்றாக உறங்கும் மனிதர் ஓர் இரவில் பல முறை புரண்டு படுக்கிறார். காலையில் கேட்டால் ஒரு முறைகூட அவருக்கு நினைவிருக்காது. ஒரே பக்கமாகக் கிடந்தால் அழுந்திய இடத்தில் ரத்த ஓட்டம் குறைகிறது. அங்குள்ள நரம்புகள் மூளைக்குச் சேதி அனுப்ப, தூக்கம் கலையாமலே உடம்பு திரும்பிக்கொள்கிறது. ஓயாமல் நடக்கும் இந்தக் காவல், பக்கவாதம் வந்தவருக்கும் தண்டுவடம் அடிபட்டவருக்கும் நின்றுபோகிறது. படுக்கைப்புண் அங்கேதான் தொடங்குகிறது.

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில், படுக்கையில் விழுந்த ஆச்சிக்கு நர்ஸ் என்றால் பெரும்பாலும் வீட்டு மகளோ மருமகளோதான். சமையல், தறி வேலை, பிள்ளைகள், இவற்றுக்கு நடுவே ஆச்சி. மாத்திரை வேளையைச் சரியாகச் சொல்லி அனுப்பும் ஆஸ்பத்திரிகளில், புரட்டிப் படுக்கவைக்கும் விதத்தைச் செய்துகாட்டி அனுப்புபவை குறைவு. மருந்தைவிட அதுதான் அவசியம் என்பேன்.

கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். வெளுத்துப்போகும். விட்டதும் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்பும். நகத்தடியில் உள்ள தந்துகிகள் எனும் ரத்த நுண்குழாய்கள் மூடித் திறப்பதைத்தான் கண்ணால் பார்க்கிறீர்கள். கைத் தமனியில் பி.பி. பார்க்கும்போது 120 காட்டும் அழுத்தம், ரத்தம் தந்துகியில் நுழையும் இடத்தில் ஏறக்குறைய 32 ஆகக் குறைந்துவிடுகிறது. மெத்தைக்கும் எலும்புக்கும் நடுவே மாட்டிய சதையில் அழுத்தம் அந்த அளவை எளிதாகத் தாண்டும். 70 அளவு அழுத்தம் 2 மணி நேரம் தொடர்ந்தாலே திசு மீளமுடியாதபடி கெடும் என்று 1959இல் மைக்கேல் கோசியாக் விலங்குகளில் சோதித்துக் காட்டினார். உடம்புக்கு உடம்பு இந்தக் கணக்கு மாறும் என்றாலும், வயதாகி மெலிந்து, சர்க்கரையும் உள்ளவருக்கு அவகாசம் குறைவுதான்.

ஆழமான படுக்கைப்புண் பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே வருகிறது. எலும்பை ஒட்டிய இடத்தில்தான் அழுத்தம் உச்சம்; தோலைவிடத் தசை சீக்கிரம் சாகும். மேலே ஒரு ரூபாய்க் காசளவு கறுப்பாகத் தெரியும்போது, உள்ளே குழி விழுந்திருக்கும். நம் கருநிறத் தோலில் தொடக்கச் சிவப்பும் சட்டென்று தெரியாது. ஆகவே பார்த்தால் மட்டும் போதாது, தொட வேண்டும். வால் எலும்பு, இடுப்பு மூட்டு, குதிகால், பின்தலை ஆகிய இடங்களைத் தினமும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழப்பாகவோ இருந்தால், அந்தப் பக்கம் படுக்கவிடக் கூடாது. அங்கே தேய்த்துவிடவும் கூடாது. நலிந்த நுண்குழாய்கள் இன்னும் கிழியும்.

இரண்டாம் உலகப்போர்க் காலம் வரை தண்டுவடம் முறிந்தவர்களில் பலர் இந்தப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலுமே இறந்தார்கள். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் பொறுப்பேற்ற லுட்விக் குட்மன், இரவு பகல் பாராமல் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளிகளைப் புரட்டவைத்தார். மனிதர்கள் பிழைத்தார்கள். நம் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு தம்மைப் போன்றவர்களுக்காக 1966இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மையத்தை உருவாக்கினார். உணர்வற்ற உடம்பைக் காப்பதைத் தினசரிப் பாடமாகக் கொண்ட இடம் அது.

வீட்டில் செய்வது இதுதான். “ஆச்சி, இந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுங்க” என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். பேச்சு வராதவருக்கும் காது கேட்கும். தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்துப் புரட்டி, முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துப் பாதிச் சாய்வாக நிறுத்துங்கள். முழுக்க ஒருக்களித்தால் இடுப்பு எலும்பே அழுந்தும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் அந்தரத்தில் நிற்கும். படுக்கையில் மேலே ஏற்றும்போது இழுக்காதீர்கள். அடியில் மடித்த சேலையை விரித்து, இருவர் இரு பக்கமும் பிடித்துத் தூக்குங்கள். மூத்திர ஈரத்தில் ஊறிய தோல் சீக்கிரம் உரியும், ஆகவே உடனே துடைத்து உலர்த்துங்கள். சாப்பிட முடிந்தவருக்கு முட்டையோ பருப்போ தினமும் வேண்டும். வாட்டர் பெட் உதவும், ஆனால் அது புரட்டுவதற்கு மாற்று அல்ல. வளைய வடிவக் குஷன் வேண்டவே வேண்டாம். சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை அது நெரிக்கும்.

கோமதி அம்மன் சன்னதிப் புற்றுமண் மேல் சங்கரன்கோவிலுக்கு உள்ள பக்தி ஆழமானது. அதை நெற்றியில் இடுங்கள். திறந்த புண்ணில் மட்டும் எந்த மண்ணும் படக்கூடாது; டெட்டனஸ் கிருமியின் வித்துகள் மண்ணில் வாழ்பவை.

தோல் உரிந்தாலோ நாற்றம் வந்தாலோ காய்ச்சல் கண்டாலோ மருத்துவரிடம் காட்ட ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்போருக்கு வலி தணிப்புப் பராமரிப்பும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்து வையுங்கள். வருகிற நர்ஸிடம் முதலில், “எப்படிப் புரட்டணும், ஒரு தடவை செஞ்சு காட்டுங்க சிஸ்டர்” என்று கேளுங்கள். அப்போது வீட்டு ஆண்களும் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளட்டும்.