நாளைக்கா, நாளன்னைக்கா?

காஞ்சிபுரத்தில் திருவிழா நாள்கள் முன்கூட்டியே தெரியும். வரதராஜருக்கு வைகாசிக் கருட சேவை என்றைக்கு, ஏகாம்பரநாதருக்குப் பங்குனித் தேர் என்றைக்கு என்று பஞ்சாங்கம் கைக்கு வந்த அன்றே குறித்துவைத்துக்கொள்ளலாம். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். இதே ஊரில் ஒரு பெருநாள் மட்டும், முந்தின நாள் பொழுது சாயும்வரை தன் தேதியைச் சொல்வதில்லை.

ரமலான் 29-ஆம் நாள் மாலை. மக்ரிப் பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழத்தைக் கடித்து, நோன்புக் கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டு மொட்டை மாடிக்கு ஓடுகிறார்கள். மேற்கே, அடிவானத்தை ஒட்டி, நூலிழை போன்ற பிறை இருக்க வேண்டும். இருந்தாலும் அரை மணி, முக்கால் மணி நேரம்தான். அதற்குள் அதுவும் சூரியன் போன வழியிலேயே இறங்கிவிடும். மேகம் மறைத்தால் போயிற்று. எந்த ஊரிலிருந்தும் பிறை பார்த்த தகவல் வராவிட்டால் நோன்பை முப்பதாக முழுமையாக்கிவிட்டு, அதற்கு அடுத்த நாள்தான் பெருநாள். ஊர் ஊராக வரும் தகவல்களைக் கேட்டு விசாரித்து அறிவிக்கும் பொறுப்பு தமிழ்நாட்டின் தலைமை காஜியுடையது. 1880-ஆம் ஆண்டின் காஜிகள் சட்டத்தின்படி அரசு நியமிக்கும் பதவி அது. அந்த அறிவிப்பு வரும்வரை ஒரே கேள்விதான்: நாளைக்கா, நாளன்னைக்கா?

சந்திரன் எங்கே இருக்கும் என்று நொடி சுத்தமாகக் கணக்கிட முடிகிற காலத்தில் இந்தக் காத்திருப்பு எதற்கு என்று முஸ்லிம்களிலேயே பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 2024-இல் கேரளத்தில் ஏப்ரல் 10 அன்றும் தமிழ்நாட்டில் ஏப்ரல் 11 அன்றும் பெருநாள் வந்தது. எல்லையோர ஊர்களில் உறவுகளைப் பிரிந்து வாழும் குடும்பங்களுக்கு இது சங்கடமே. ஆனாலும், ஒரு முழு ஊரும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் அண்ணாந்து பார்க்கிற வழக்கம் இன்னும் உயிரோடு இருப்பதை நான் பெரிய செல்வமாகவே நினைக்கிறேன். அமாவாசை கழித்து மூன்றாம் பிறை பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிற பாட்டிமார் பக்கத்து மாடிகளில் இன்றும் உண்டு. இரு மாடிகளும் தேடுவது ஒரே பிறையைத்தான்.

2025-இல் இது இன்னும் அழகாக அமைந்தது. மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை, யுகாதி. காஞ்சிபுரத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசும் நெசவுக் குடும்பங்கள் ஏராளம். அந்த வீடுகளில் காலையில் வேப்பம்பூவும் வெல்லமும் கலந்து புத்தாண்டு பிறந்தது. அமாவாசைக்கு அடுத்த நாள்தான் யுகாதி என்பதால், அன்று மாலையே பிறைக்கும் முறை வந்தது. அமாவாசை முடிந்து ஒரு நாளுக்குச் சற்றே கூடுதலான வயதில் அந்தப் பிறை தென்பட்டது. மார்ச் 31 பெருநாள் என்றார் தலைமை காஜி சலாஹுத்தீன் முகமது அய்யூப். அவர் அறிவித்த கடைசி நோன்புப் பெருநாள் அது. அந்த மே மாதம் அவர் காலமானார்.

தேதி தெரியாத ஒரு நாளுக்காக இந்த இரவில் எத்தனை பேர் தயாராக நிற்கிறார்கள் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். வழக்கமாக அரை லிட்டர் வாங்கும் வீடு பெருநாளன்று ஐந்து லிட்டர் கேட்கும். பால்காரர் சாயங்காலமே வந்து, "பாய், பிறை தெரிஞ்சா ஒரு போன் அடிச்சிருங்க, ராத்திரியே சொல்லிவெக்கணும்" என்று கேட்டுக்கொண்டு போவார். கறிக்கடைக்காரர் ஆடுகளைக் கட்டிவைத்திருப்பார். பிறை தெரிந்தால் விடிய விடியக் கடை, தெரியாவிட்டால் வழக்கமான கடை. சீரகச் சம்பா அரிசி ஏற்கெனவே வீட்டில் இருக்கும். புதினாவையும் கொத்தமல்லியையும் முன்கூட்டி வாங்க முடியாதே! ராஜாஜி மார்க்கெட்டில் காய் வாங்குகிற அம்மாவும் இரண்டு கணக்கோடுதான் பை தூக்குகிறார்.

இதில் பெரும்பாடு தையல்காரருக்கு. கடைசிப் பத்து நோன்பு வந்தாலே "இனி ஆர்டர் இல்லை" என்று அட்டை தொங்கவிடுவார். அப்படியும் தெரிந்தவர், வேண்டியவர் என்று துணி வந்து குவியும். 29-ஆம் இரவில் கடைக்குப் போனால், ஜிப்பாக்களெல்லாம் தைத்து முடிந்து காஜாவுக்கும் பட்டனுக்கும் காத்திருக்கும். காஜா எடுக்கிற பையன் தலை நிமிர மாட்டான். முதலில் சின்னப் பிள்ளைகளின் துணியை எடுத்து முடிப்பதுதான் நல்ல தையல்காரரின் வழக்கம். பெரியவர் பழைய சட்டையோடு தொழப் போய்விடுவார், ஏழு வயதுப் பிள்ளை போகாது. பிறை தெரியவில்லை என்று சேதி வந்தால் அந்தக் கடையில் ஒரு பெருமூச்சு கேட்கும். இன்னும் ஒரு நாள் கிடைத்துவிட்டது.

தெரிந்துவிட்டால், நிமிடத்தில் எல்லாம் மாறும். ஒரு மாதமாக இஷாவுக்குப் பின் நடந்துவந்த தராவீஹ் தொழுகை அன்று கிடையாது. கடைசிப் பத்து நாள் பள்ளிவாசலிலேயே தங்கி இஃதிகாஃப் இருந்தவர்கள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவார்கள். அத்தனை நாளாக வாப்பாவைப் பார்க்காத பிள்ளைகள் வாசலுக்கே வந்து நிற்கும். பள்ளியை விட்டு வரும் அந்தப் பெரியவர்களின் முகத்தில் சந்தோஷமும் இருக்கும், நோன்பு மாதம் போகிறதே என்ற துக்கமும் இருக்கும். ஒலிபெருக்கியில் தக்பீர் தொடங்கும். முன்பு பல பழைய பள்ளிவாசல்களில் நகரா அடித்துச் சேதி சொன்னார்கள். பிறகு வானொலிச் செய்திக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது எல்லோர் கைப்பேசியும் ஒரே நேரத்தில் அதிர்கிறது.

காஞ்சியின் முஸ்லிம்களில் உருது பேசும் குடும்பங்களும் உண்டு, தமிழ் பேசும் குடும்பங்களும் உண்டு. அவர்கள் சாந்த் ராத் என்பார்கள், இவர்கள் பெருநாள் ராத்திரி என்பார்கள். ஆற்காடு நவாபுகளின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஊர் இது. ஏகாம்பரநாதர் கோயிலுக்கு அருகே உள்ள பள்ளிவாசல் அந்தக் காலத்தது. வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அருகிலுள்ள பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் குளம் ஒன்றே.

பக்ரீத்தின் முந்தின இரவுக்கு இந்தப் பரபரப்பு கிடையாது. துல்ஹஜ் மாதப் பிறை பார்த்துப் பத்தாவது நாள் அது என்பதால் தேதி முன்பே தெரிந்துவிடும். அன்றைய கவனமெல்லாம் ஆட்டின் மேல். ஆனால் ஒரு பக்ரீத் இரவைச் சொல்லாமல் விட முடியாது. 2019-இல் வரதராஜர் கோயிலின் அத்திவரதர் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளினார். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் வைபவம். ஆகஸ்ட் 12 பக்ரீத். வெளியூர் பஸ்கள் ஊருக்குள் வர முடியாமல் ஓரிக்கையிலும் ஒலிமுகமதுபேட்டையிலும் தற்காலிக நிலையங்கள் போட்டிருந்தார்கள். ஆகஸ்ட் 11 இரவில் ஒலிமுகமதுபேட்டையில் இறங்கி, வரதர் கோயில் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு போனவர்களும், மறுநாள் குர்பானிக்கு ஆடு ஓட்டிக்கொண்டு போனவர்களும் ஒரே சாலையில் நடந்தார்கள்.

பட்டைப் பற்றிப் பேசாமல் காஞ்சியின் எந்த இரவையும் எழுத முடியாது. இஸ்லாத்தில் ஆண்களுக்குச் சுத்தப் பட்டு விலக்கப்பட்டது, பெண்களுக்கு ஆகுமானது. ஆண்களுக்காக உடம்பில் படும் உட்புறம் பருத்தியும் வெளிப்புறம் பட்டுமாக மஷ்ரூ என்றொரு துணியையே நெசவாளர்கள் கண்டுபிடித்தார்கள். குஜராத்தின் பாட்டனிலும் மாண்ட்வியிலும் இன்றும் அது தறியில் ஓடுகிறது. காஞ்சியின் ஆண்களோ பட்டு ஊரில் வாழ்ந்துகொண்டு வெள்ளைப் பருத்தி ஜிப்பாவை இஸ்திரி போட்டு மாட்டிவைக்கிறார்கள். பட்டு பெண்கள் பக்கத்தில் இருக்கிறது. கல்யாணப் புடவை பீரோவிலிருந்து வெளியே வருவது பெரும்பாலும் இந்த இரவில்தான். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று கோர்வை போட்டு நெய்த புடவை. முந்தானையைப் பேட்னி போட்டு இணைத்த இடத்தில் சின்ன மேடு விரலில் தட்டுப்படும். அதே மடிப்பில் கிடந்தால் ஜரிகை மடிப்போடு முறிந்துவிடும் என்பதால், பிரித்துக் கட்டிலில் போட்டு ஃபேன் காற்றில் ஆறவிட்டு, மேலே ஒரு மெல்லிய பருத்தித் துணி விரித்துத்தான் இஸ்திரிப் பெட்டியை வைப்பார்கள். ரமலானில் கல்யாணம் வைப்பது அரிது; பெருநாள் கழிந்ததும் கல்யாணங்கள் வரிசை கட்டும். அடுத்த வாரமே காந்தி ரோடு கடைகளில் கல்யாணப் பட்டுக்கு முஸ்லிம் குடும்பங்கள் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

மருதாணியும் அன்றுதான். இலையை உருவி, கொஞ்சம் புளியும் கொட்டைப்பாக்கும் வைத்து அம்மியில் அரைத்து, உள்ளங்கை நடுவில் வட்டமாக ஒன்று, சுற்றிலும் பொட்டுகள், விரல் நுனிக்கெல்லாம் தொப்பி. இப்போது கோன்தான், பக்கத்துத் தெருவில் கைதேர்ந்த ஒரு பெண் இருந்தால் போதும், இரவு பதினொன்றுக்கும் அங்கே வரிசை நிற்கும். ஒன்று மட்டும் அன்றும் இன்றும் மாறவில்லை. வீட்டில் கடைசியாக மருதாணி வைத்துக்கொள்வது அம்மாதான். பல வீடுகளில் வைத்துக்கொள்ளாமலே விட்டுவிடுவதும் அம்மாதான், ஏனென்றால் அடுப்பில் பால் இருக்கிறது.

அந்தப் பால் சீர் குர்மாவுக்கு. நபிகள் நாயகம் நோன்புப் பெருநாள் தொழுகைக்குப் போகுமுன் பேரீச்சம்பழத்தை ஒற்றைப்படையில் உண்டதாக ஹதீஸ். அந்தப் பேரீச்சையைத்தான் இங்கே பாலில் வேகவைக்கிறார்கள். பேரீச்சையைக் கொட்டை நீக்கி நீளவாக்கில் அரிந்து ஊறவைப்பார்கள். பாதாமைத் தோல் உரித்துச் சீவ வேண்டும், சாரப்பருப்பைக் கல் பார்க்க வேண்டும். சேமியாவை நெய்யில் பொன்னிறமாக வறுத்துத் தனியே வைப்பார்கள். முன்கூட்டியே பாலில் போட்டால் காலையில் களியாகிவிடும். பால் ஐந்தில் இரண்டு பங்கு சுண்டும்வரை பக்கத்தில் ஒருவர் நின்று கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கூடவே மறுநாள் பிரியாணிக்கு வெங்காயம் அரிவது, இஞ்சி பூண்டு அரைப்பது, கறியைக் கழுவித் தயிரில் புரட்டிவைப்பது, தால்சாவுக்குப் பருப்பு ஊறப்போடுவது. அத்தனையும் பகலெல்லாம் நோன்பிருந்த உடம்போடு.

இங்கே மனத்தில் உள்ளதைச் சொல்லியாக வேண்டும். கடைத்தெருவில் நின்று பார்த்தால் இந்த இரவு வெளிச்சமும் கொண்டாட்டமுமாகத் தெரியும். அடுக்களைக்குள் நின்று பார்த்தால் அது உழைப்பின் இரவு, அந்த உழைப்பு பெரும்பாலும் பெண்களுடையது. ஆண்கள் தக்பீர் முழங்குகிறார்கள், தேநீர்க் கடையில் நின்று கைகொடுத்து முஸாஃபஹா செய்துகொள்கிறார்கள். பாதாம் உரிக்க எத்தனை பேர் உட்காருகிறார்கள்? பெருநாள் தொழுகைக்குப் பெண்களுக்கும் இடம் ஒதுக்கும் ஜமாஅத்துகள் தமிழ்நாட்டில் கூடிவருகின்றன. நல்ல மாற்றம். விடியற்காலை இரண்டு மணிவரை அடுப்படியில் நின்றவர் காலையில் தொழப் போக வேண்டுமென்றால், வீட்டு ஆண்கள் இரவிலேயே கத்தியையும் வெங்காயத்தையும் கையில் எடுத்தாக வேண்டும்.

2020-இல் இந்த இரவு எப்படி இருந்தது என்பதையும் நினைக்கிறேன். மே 24, ஊரடங்கு. பள்ளிவாசல் பூட்டியிருந்தது, பெருநாள் தொழுகையை வீட்டிலேயே தொழச் சொன்னார்கள். தறிச் சத்தமும் கோயில் மணியும் நின்றுபோயிருந்த ஊரில் பிறை மட்டும் வழக்கம்போல வந்தது. மாடிக்கு மாடி கையசைத்துக்கொண்டார்கள். புதுத்துணி எடுக்க வைத்திருந்த பணம் பலரிடமிருந்து அரிசி மூட்டையாக மாறி, வேலையில்லாத வீடுகளுக்குப் போனது.

அரிசி என்றதும் இந்த இரவின் முக்கியமான வேலைக்கு வந்துவிட்டோம். துணி, கறி, மருதாணி எல்லாம் ஊர் வழக்கம், ஃபித்ரா கடமை. பெருநாள் அன்று யாரும் பசியோடும் கையேந்தியும் இருக்கக் கூடாது என்பதற்காக, வசதியுள்ள ஒவ்வொருவரும் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தாக வேண்டிய தர்மம் அது. காஞ்சியிலும் வட மாவட்டங்களிலும் பெரும்பாலோர் ஹனஃபி வழியினர். ஏறத்தாழ ஒன்றே முக்கால் கிலோ கோதுமை அல்லது அதன் விலை என்று கணக்கிட்டுப் பணமாகக் கொடுப்பார்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஷாஃபி ஊர்களில் ஏறத்தாழ இரண்டரை கிலோ அரிசியை அளந்தே கொடுப்பது வழக்கம். ஹனஃபி சட்டப்படி, பெருநாள் விடியலுக்கு முன் பிறந்துவிட்ட குழந்தைக்கும் ஃபித்ரா உண்டு. அன்றிரவு பிரசவ வார்டு வாசலில் நிற்கிற தகப்பன், சேதி கேட்டதும் இன்னொரு தலையைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்குக் கெடு கண்டிப்பானது. பெருநாள் தொழுகைக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். தொழுகைக்குப் பின் கொடுத்தால் அது மற்ற தர்மங்களைப் போல ஒரு தர்மம் என்று ஹதீஸ் சொல்கிறது. கெட்டிக்கார ஜமாஅத்துகள் ஒரு வாரம் முன்பே வசூலித்துப் பட்டியல் போட்டுக் கொடுத்து முடிக்கும். அப்படியும் பிறை தெரிந்த பிறகுதான் பாதிப் பேருக்கு ஃபித்ரா ஞாபகம் வருகிறது. கைவிடப்பட்ட தாய், மகனில்லாத முதியவர், வாங்க வெட்கப்பட்டு வாய் திறக்காத குடும்பம் என்று பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி பென்சிலால் எழுதிய பட்டியலை வைத்துக்கொண்டு வாலிபப் பிள்ளைகள் டூவீலரில் கிளம்புகிறார்கள். அரிசி, சேமியா, சர்க்கரை, நெய், ஓர் உறையில் பணம். கதவைத் தட்டி, பெரியவர்களாக இருந்தால் ஸலாம் சொல்லி, உள்ளே வைத்துவிட்டு நிற்காமல் வந்துவிட வேண்டும் என்பது பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத்தின் உத்தரவு. நள்ளிரவு தாண்டியும் அவர்களுக்குள் போன் ஓடிக்கொண்டிருக்கிறது.

"அந்தக் கடைசி வீடு, மாடியில குடியிருக்காங்களே, அவங்களுக்குப் போச்சா?"

"பூட்டியிருந்துச்சு அண்ணே. பஜ்ருக்கு முன்னாடி இன்னொரு தடவை போறேன்."