உங்கள் மெடிகேர் திட்டம் நிறுத்தப்பட்டால்

இலையுதிர் காலம் தொடங்கியதும் எம்மிடம் வரும் முதியோர் பலர், தம் நோயைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, "டாக்டர், அடுத்த ஆண்டும் உங்களிடமே வர முடியுமா?" என்று கேட்கின்றனர். அக்கேள்விக்குரிய விடை மருத்துவரின் கையில் இல்லை. உங்கள் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ளது.

அமெரிக்காவில் 65 வயது நிறைந்தோர் மெடிகேர் காப்பீட்டை இரு வழிகளில் பெறலாம். அரசே நேரடியாக நடத்துவது மூல மெடிகேர். அரசிடம் தொகை பெற்றுத் தனியார் நிறுவனங்கள் நடத்துவது மெடிகேர் அட்வான்டேஜ். தகுதியுடையோரில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்று இரண்டாவது வழியில் உள்ளனர். இதில் மாதக் கட்டணம் குறைவு. நோயாளியின் ஆண்டுச் செலவுக்கு உச்சவரம்பும் உண்டு. ஆயினும் பெரும்பாலும் நிறுவனத்தின் பட்டியலில் உள்ள மருத்துவரிடமே செல்ல வேண்டும்; பல சிகிச்சைகளுக்கு முன் அனுமதியும் தேவை.

அண்மை ஆண்டுகளில் முதியோரின் மருத்துவச் செலவு நிறுவனங்கள் எதிர்பார்த்ததைவிட உயர்ந்துள்ளது. அரசு அவற்றுக்குத் தொகை வழங்கும் கணக்கீட்டு முறையும் 2024 முதல் படிப்படியாக மாற்றப்பட்டது. இதனால் சில நிறுவனங்கள் ஆதாயமற்ற பகுதிகளிலிருந்து விலகுகின்றன. வேறு சில, சலுகைகளையும் மருத்துவர் பட்டியலையும் குறைக்கின்றன.

ஆகவே, செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் வரும் கடிதங்களை விளம்பரம் என்று எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள். திட்டம் தொடருமாயின், அடுத்த ஆண்டின் மாற்றங்களை விளக்கும் அறிவிப்பு வரும். திட்டம் நிறுத்தப்படுமாயின், அதனைத் தெரிவிக்கும் கடிதம் வரும். இரண்டும் ஒன்றல்ல.

நிறுத்தப்படும் திட்டத்தில் இருப்பவர் வேறொன்றைத் தேர்ந்தெடுக்காவிட்டால், ஜனவரி 1 அன்று தாமாகவே மூல மெடிகேருக்கு மாற்றப்படுவார். அதில் மருத்துவரின் சேவைக்குப் பொதுவாக 20 விழுக்காட்டை நோயாளி ஏற்க வேண்டும். அதற்கு உச்சவரம்பு இல்லை. வீட்டில் உட்கொள்ளும் மருந்துகளுக்குத் தனித் திட்டம் எடுக்க வேண்டும்.

அந்த 20 விழுக்காட்டை ஈடுசெய்வது மெடிகேப் என்னும் துணைக் காப்பீடு. பொதுவாக, தொடக்கக் காலம் கடந்தபின் விண்ணப்பிப்போரை, முன்பே உள்ள நோயைக் காட்டி மறுக்கப் பெரும்பாலான மாநிலங்களில் நிறுவனங்களுக்கு இயலும். ஆனால் திட்டம் நிறுத்தப்பட்டவருக்கு, பழைய காப்பீடு முடிந்த 63 நாள்களுக்குள் விண்ணப்பித்தால், சில வகை மெடிகேப் திட்டங்களை மறுக்க இயலாது. புற்றுநோய், இதயநோய், சிறுநீரக நோய் உடையோருக்கு இவ்வாய்ப்பு மீண்டும் கிட்டாமல் போகலாம். நிறுத்தக் கடிதமே இதற்குச் சான்றாதலால் அதனைப் பாதுகாத்து வையுங்கள்.

வேறொரு அட்வான்டேஜ் திட்டத்திற்கு மாறுவோர், நடந்துகொண்டிருக்கும் சிகிச்சை தடைபடுமோ என்று அஞ்ச வேண்டா. புதிய திட்டம் குறைந்தது 90 நாள்களுக்கு அச்சிகிச்சைக்கு முன் அனுமதி கோரலாகாது. அதற்குள் அடுத்த ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டும்.

வழக்கமான தேர்வுக் காலம் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை. திட்டம் நிறுத்தப்பட்டவர்களுக்குப் பிப்ரவரி இறுதி வரை கூடுதல் அவகாசம் உண்டு. எனினும் ஜனவரி 1 முதல் இடைவெளியின்றிப் புதிய காப்பீடு வேண்டுமெனில் டிசம்பர் 31-க்குள் சேர்ந்துவிடுங்கள். மருத்துவர், மருத்துவமனை, மருந்துகள் ஆகிய மூன்றையும் எழுதிவைத்து, புதிய திட்டம் ஒவ்வொன்றையும் ஏற்கிறதா என்று கேளுங்கள். 1-800-633-4227 என்ற மெடிகேர் எண்ணில் மொழிபெயர்ப்பாளரையும் கோரலாம். ஒவ்வொரு மாநிலத்திலும் இலவச ஆலோசனை கிடைக்கும்.

பெற்றோருக்கு வந்த கடிதங்களை இந்த வாரமே பிள்ளைகள் உடனமர்ந்து படித்துக் காட்டுவார்களாக.