துன்பத்தில் இறைநம்பிக்கை: யோபு நூலும் தேவசகாயமும்

துன்பத்தில் இறைநம்பிக்கை என்பது நோய், இழப்பு, வறுமை, வன்முறை, மரணம் ஆகியவற்றின் நடுவிலும் கடவுளைப் பற்றிக்கொண்டு வாழும் கிறித்தவ நிலைப்பாட்டைக் குறிக்கும். துன்பம் விரைவில் நீங்கிவிடும் என்ற எதிர்பார்ப்பும் இதுவும் ஒன்றல்ல. எதிர்பார்த்தது கிடைக்காதபோதும் கடவுளோடு உள்ள உறவை விடாதிருப்பதே இதன் சாரம். விவிலியத்தில் இந்தக் கேள்வியை மிக விரிவாக எடுத்துப் பேசுவது பழைய ஏற்பாட்டின் யோபு நூல். தமிழ் மண்ணில் அந்நூலோடு நேரடித் தொடர்புடையது 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தேவசகாயத்தின் வாழ்க்கை.

யோபு நூல் எழுப்பும் கேள்வி

யோபு நூல் 42 அதிகாரங்கள் கொண்டது. தொடக்கமும் முடிவும் உரைநடையாகவும், இடைப்பட்ட பெரும்பகுதி கவிதையாகவும் அமைந்துள்ளன. ஊத்ஸ் நாட்டில் வாழ்ந்த யோபுவுக்கு 7 மகன்களும் 3 மகள்களும் இருந்தனர். 7,000 ஆடுகள், 3,000 ஒட்டகங்கள், 500 ஏர் மாடுகள், 500 கழுதைகள் இருந்தன. அவர் நேர்மையானவர், கடவுளுக்கு அஞ்சி நடந்தவர்.

யோபுவின் பக்தி ஆதாயத்துக்கானது என்பது சாத்தானின் வாதம். கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டால் பக்தியும் போய்விடும் என்கிறான் அவன். ஒரே நாளில் யோபு செல்வத்தையும் பிள்ளைகளையும் இழக்கிறார். பின்னர் அவர் உடல் முழுவதும் புண்ணாகிறது. மனிதனுக்கும் கடவுளுக்கும் உள்ள உறவு வெறும் கொடுக்கல் வாங்கலா என்பதே நூலின் மையக் கேள்வி.

எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று நண்பர்கள் யோபுவைத் தேற்ற வருகிறார்கள். ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் பேசாமல் அமர்ந்திருக்கிறார்கள். அதன்பின் அவர்கள் பேசத் தொடங்கும்போதுதான் சிக்கல் வருகிறது. கடவுள் நீதியுள்ளவர், ஆகவே துன்பப்படுபவர் ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும் என்பது அவர்கள் தரும் விளக்கம். யோபு அதை ஏற்கவில்லை. தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். தன் வழக்கைக் கடவுள் முன்னிலையிலேயே வைக்க வேண்டும் என்கிறார்.

38ஆம் அதிகாரத்தில் கடவுள் சூறைக்காற்றின் நடுவிலிருந்து பேசுகிறார். படைப்பின் ஆழத்தையும் அகலத்தையும் காட்டுகிறார். ஆனால் யோபு ஏன் துன்பப்பட்டார் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. சாத்தானோடு நடந்த உரையாடல் வாசகருக்குத் தெரியும். யோபுவுக்குக் கடைசிவரை தெரியாது. அதே வேளையில், தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவர் யோபுதான் என்றும், நண்பர்கள் அப்படிப் பேசவில்லை என்றும் கடவுள் தீர்ப்பளிக்கிறார். முறையிட்டவரின் பேச்சே ஏற்கப்படுகிறது. கடவுளுக்காக வாதாடுவதாக எண்ணியவர்கள் கண்டிக்கப்படுகிறார்கள்.

இறுதியில் யோபுவின் கால்நடைகள் இரு மடங்காகின்றன. அவருக்கு மறுபடியும் 7 மகன்களும் 3 மகள்களும் பிறக்கிறார்கள். இறந்த பிள்ளைகள் திரும்பி வரவில்லை. எனவே, பொறுத்துக்கொண்டால் இரட்டிப்பாகக் கிடைக்கும் என்று இந்நூலைச் சுருக்கிவிட முடியாது. அப்படிச் சுருக்கினால், ஆதாயத்துக்காகவே மனிதன் பக்தி செலுத்துகிறான் என்ற சாத்தானின் வாதத்தையே ஏற்றதாகிவிடும்.

புலம்பலும் நம்பிக்கையும்

கடவுளிடம் முறையிடுவது நம்பிக்கைக் குறைவு அல்ல என்பதை விவிலியத்தின் பிற நூல்களும் காட்டுகின்றன. சங்கீதங்கள் (திருப்பாடல்கள்) 150இல் புலம்பல் வகையைச் சேர்ந்தவை மிகுதி. அவற்றில் பெரும்பாலானவை முறையீட்டில் தொடங்கிப் புகழ்ச்சியில் முடிகின்றன. 88ஆம் சங்கீதம் மட்டும் இருளிலேயே முடிகிறது. ஆனாலும் அதுவும் வழிபாட்டு நூலில் இடம்பெற்றுள்ளது. விடை கிடைக்காத வேதனையோடும் ஒருவர் இறைவேண்டல் செய்யலாம் என்பதற்கு அது சான்று.

புதிய ஏற்பாட்டிலும் இதே போக்கைக் காணலாம். இயேசு கெத்செமனே தோட்டத்தில் தம் துன்பம் நீங்கும்படி வேண்டினார். பின்னர் தந்தையின் விருப்பத்துக்குத் தம்மை ஒப்படைத்தார். சிலுவையில் 22ஆம் சங்கீதத்தின் தொடக்க வரியைச் சொல்லிக் கதறினார் என்று மத்தேயுவும் மாற்கும் குறிப்பிடுகின்றனர். பவுல் தம் உடலில் தைத்த முள்ளைப் போன்ற ஒரு துன்பம் நீங்க மூன்று முறை வேண்டினார். அது நீக்கப்படவில்லை, அதைத் தாங்கும் அருள் போதும் என்பதே அவர் பெற்ற மறுமொழி.

தேவசகாயத்தின் வாழ்க்கை

தேவசகாயத்தின் இயற்பெயர் நீலகண்ட பிள்ளை. அவர் 1712இல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நட்டாலத்தில் பிறந்தார். அப்பகுதி அன்று திருவிதாங்கூர் அரசில் இருந்தது. மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் அவர் பத்மநாபபுரத்தில் அரசு அலுவலராகப் பணியாற்றினார்.

1741இல் நடந்த குளச்சல் போரில் திருவிதாங்கூர்ப் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை வென்றது. அப்போது பிடிபட்ட எஸ்தாக்கியுஸ் டி லனாய், பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி அளிக்கும் தளபதியானார். அவருக்கும் நீலகண்ட பிள்ளைக்கும் நட்பு ஏற்பட்டது. கால்நடைகளையும் சொத்துகளையும் இழந்து மனம் தளர்ந்திருந்த நண்பருக்கு டி லனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்றும், அதுவே அவரைக் கிறித்தவத்தின்பால் ஈர்த்தது என்றும் கத்தோலிக்க மரபு கூறுகிறது.

1745இல் வடக்கன்குளத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றார். விவிலியத்தில் வரும் லாசர் என்ற பெயரின் பொருளைத் தமிழில் தரும் தேவசகாயம் என்ற பெயர் அவருக்கு இடப்பட்டது. அவருடைய மனைவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ என்ற பெயரை ஏற்றார்.

திருமுழுக்குக்குப் பின் அவருடைய துன்பம் குறையவில்லை, கூடியது. முன்பு இழந்தது பொருள். இப்போது பதவி, விடுதலை, குடும்ப வாழ்க்கை அனைத்தும் போயின. 1749இல் கைதானார். சித்திரவதை செய்யப்பட்டார் என்றும், எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டார் என்றும் மரபு விவரிக்கிறது. நம்பிக்கையைக் கைவிட்டால் விடுதலை என்ற வாய்ப்பை அவர் ஏற்கவில்லை எனப்படுகிறது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகிலுள்ள காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருடைய கல்லறை நாகர்கோவில் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் உள்ளது. 2012 டிசம்பர் 2 அன்று அருளாளராகவும், 2022 மே 15 அன்று புனிதராகவும் அறிவிக்கப்பட்டார்.

அவர் தண்டிக்கப்பட்ட காரணம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. நம்பிக்கைக்காக உயிர்நீத்த மறைசாட்சி என்று கத்தோலிக்கத் திருச்சபை அவரை ஏற்கிறது. மதம் மாறியதற்காக அன்று, அரசுக்கு எதிரான குற்றச்சாட்டுகளுக்காகவே தண்டிக்கப்பட்டார் என்று வாதிடுவோரும் உள்ளனர்.

யோபுவின் வாழ்வில் இழந்த செல்வம் இறுதியில் திரும்பியது. தேவசகாயத்துக்கு இவ்வுலகில் எதுவும் திரும்பவில்லை. யோபு நூலின் முடிவை மட்டும் பார்த்து அவர் நம்பியிருந்தால், சிறையிலேயே அந்த நம்பிக்கை முடிந்திருக்கும். ஆதாயம் இல்லாத இடத்திலும் பக்தி நிலைக்குமா என்ற கேள்விக்கு அவருடைய வாழ்க்கை ஒரு விடையாகக் கருதப்படுகிறது.

தவறான புரிதல்கள்

துன்பத்தைப் பாவத்தின் தண்டனையாகக் காண்பது பரவலான தவறு. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது அவரா அவர் பெற்றோரா என்று கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்தார் (யோவான் 9). சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர் என்றும் சொன்னார் (லூக்கா 13).

நோய் தீராததற்கு விசுவாசக் குறைவே காரணம் என்று நோயாளியிடம் கூறுவது மற்றொரு தவறு. செழிப்பு உபதேசம் எனப்படும் போதனையில் இக்கருத்து அடிக்கடி தலைகாட்டுகிறது. ஏற்கெனவே வலியில் இருப்பவர்மேல் இது குற்றவுணர்வையும் சுமத்துகிறது. யோபுவின் நண்பர்கள் செய்ததும் இதுவே.

மூன்றாவது, நம்பிக்கை என்பது கைகட்டி இருப்பது என்ற எண்ணம். மருத்துவம் பெறுவதும், அநீதியை எதிர்ப்பதும், உதவி கேட்பதும் நம்பிக்கைக்கு மாறானவை அல்ல. இயேசு நோயாளிகளைத் துன்பத்திலேயே விட்டுவிடாமல் குணமாக்கினார். வன்கொடுமைக்கு உள்ளாகும் ஒருவரைப் பொறுத்துக்கொண்டே இருக்கச் சொல்வது கிறித்தவ நம்பிக்கை ஆகாது.

உடனிருப்பவர்களின் பங்கு

துன்பத்தில் நம்பிக்கை தனி மனிதரின் மன உறுதியை மட்டும் சார்ந்தது அல்ல. அழுபவரோடு அழும்படி பவுல் உரோமைத் திருச்சபைக்கு எழுதினார். இறப்பு வீட்டில், மருத்துவமனைப் படுக்கையருகில் விளக்கம் சொல்ல முற்படுவதைவிட உடன் அமர்ந்திருப்பதும், சோறு கொண்டுபோய்க் கொடுப்பதும், துன்பப்படுபவரால் இயலாதபோது அவருக்காக வேண்டுவதும் பயன் தரும். யோபுவின் நண்பர்கள் அவருக்குச் செய்த மிகச் சிறந்த உதவி, அவர்கள் பேசாமல் உடன் அமர்ந்திருந்த அந்த ஏழு நாள்களே.