வைரக்கட்டை பேனாவாகும் விதம்

முக்கால் அங்குலச் சதுரம், ஐந்து அங்குல நீளம். ஒரு மரப் பேனா கடைய இவ்வளவு கட்டை போதும். அந்தக் கட்டை எந்த மரம் என்பதுதான் மற்ற எல்லா வேலைகளையும் தீர்மானிக்கிறது.

தான்சானியா, மொசாம்பிக் காடுகளில் வளரும் ஆப்பிரிக்கக் கருமரத்தின் வைரம் தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனம். கிளாரினெட், ஓபோ முதலிய ஊதுகருவிகள் செய்வது அதில்தான். மத்திய அமெரிக்காவின் கோகோபோலோவில் செம்மஞ்சள் நிறத்தின் குறுக்கே கரிய வரிகள் ஓடும். பர்ப்பிள்ஹார்ட் அறுத்தவுடன் மங்கலான பழுப்பாக இருக்கும். காற்றும் ஒளியும் பட்டபின் ஊதா ஏறும்.

கட்டையை இரண்டாக அறுத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் துளையிடுவது முதல் வேலை. மெல்லிய பேனாவுக்கு 7 மில்லிமீட்டர் துளை. துளைக்கும்போது துளையூசியை அடிக்கடி வெளியே எடுத்துத் தூளை அகற்ற வேண்டும். இல்லாவிட்டால் சூடேறிக் கட்டை வெடித்துவிடும். துளைக்குள் பித்தளைக் குழாயை ஒட்டுகிறார்கள். கடைந்து முடித்தபின் மரம் மெல்லிய தோலாகத்தான் மிஞ்சும். அதற்குத் தாங்கலாக இருப்பது இந்தக் குழாய். கோகோபோலோவில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால் பிசின் சரியாகப் பிடிக்காது. அசிட்டோனால் துடைத்த கையோடு ஒட்டிவிட வேண்டும்.

பிறகு லேத். துண்டுகளை ஓர் எஃகுத் தண்டில் கோத்து, இரு முனைகளிலும் அளவு வளையங்களை மாட்டிச் சுழலவிடுகிறார்கள். வளையத்தின் விட்டத்துக்கு மரம் இறங்கும்வரை உளி வேலை. சீவல் நீண்ட சுருளாக வந்தால் உளி கூர்மையாக இருக்கிறது. பொடியாகக் கொட்டினால் தீட்டும் நேரம் வந்துவிட்டது. கோகோபோலோவின் தூள் பலருக்குத் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும். முகமூடியும் தூசி உறிஞ்சியும் இல்லாமல் அதைத் தொடக்கூடாது.

உப்புத்தாளில் 150-ஆம் எண்ணில் தொடங்கி 600 வரை படிப்படியாகத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் லேத்தை நிறுத்தி, மர வரியின் போக்கில் நீளவாக்கில் தேய்த்தால்தான் வட்டக் கீறல்கள் மறையும். மெருகில் இரண்டு வழிகள். அரக்கும் மெழுகும் கலந்த பாலிஷ் மரத்தின் தொடுஉணர்வைக் காக்கும், ஆனால் கைவியர்வையில் சீக்கிரம் மங்கும். நீடித்த பளபளப்பு வேண்டுவோர் சயனோஅக்ரிலேட்டை, அதாவது கடைகளில் கிடைக்கும் உடனடிப் பசையை, மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை இடுகிறார்கள். காற்றின் ஈரத்தால் அது இறுகிக் கண்ணாடிபோன்ற ஓடாகிறது. அதன்மேல் நுண்தேய்ப்புத் தாள்களால் ஈரமாகத் தேய்த்து மெருகேற்றுகிறார்கள்.

இந்த அழகுக்கு ஒரு பொறுப்பும் உண்டு. கருமரமும் கோகோபோலோவும் நம் தோதகத்தியும் டால்பெர்ஜியா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அளவுமீறிய வெட்டினால், 2017 முதல் அந்தப் பேரினம் முழுவதுமே சைட்டஸ் பன்னாட்டு ஒப்பந்தத்தின் வணிகக் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. பேனாவுக்காக ஒரு மரத்தைச் சாய்க்கத் தேவையே இல்லை. இசைக்கருவி, அறைகலன் பட்டறைகளில் கழியும் துண்டுகளே தாராளமாகப் போதும். கட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்குவதும் இந்தக் கைவினையின் ஒரு பகுதியே.