கடை கைமாறும் செய்தி: யாருக்கு, எப்போது?

வியாபாரத்தை விற்கும் முடிவை எப்போது வெளியே சொல்வது என்பது, என்ன விலைக்கு விற்பது என்பதற்குச் சற்றும் குறையாத கேள்வி. கொழும்பு 14, கிராண்ட்பாஸ் போன்ற மொத்த வியாபாரப் பகுதியில் அதன் கனம் இன்னும் கூடுதல். இங்கே சரக்கு பெரும்பாலும் நம்பிக்கைக் கடனிலும் பின்திகதியிட்ட காசோலையிலும் ஓடுகிறது. கடை விலைப்படுகிறது என்ற பேச்சு கிளம்பினால் சரக்குக் கொடுப்பவர் பழைய பாக்கியை உடனே கேட்பார். பாக்கி வைத்திருப்பவரோ, புது முதலாளி வரட்டும் என்று இழுத்தடிப்பார்.

ஆகவே முதலில் அறிய வேண்டியவர்கள் மிகச் சிலர்: பங்காளிகள், சட்டத்தரணி, கணக்காளர். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, சொத்துப் பெறுமதியில் பாதிக்கு மேற்பட்டதை ஒரு கம்பனி விற்பதென்றால் பங்குதாரர்களின் விசேட தீர்மானம் தேவை. வாடகைக் கடையானால் கட்டட உரிமையாளரிடமும் முன்கூட்டியே பேசியாக வேண்டும். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்துக்கு உட்பட்ட இடத்தை அவருடைய எழுத்துமூல முன்சம்மதம் இன்றி இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விட முடியாது. வாங்க வருபவரிடம் இரகசியம் காக்கும் உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கிய பிறகே கணக்குப் புத்தகத்தைத் திறப்பது நல்லது. வாடிக்கையாளர் பட்டியலையும் கொள்முதல் விலையையும் கடைசியாகக் காட்டினால் போதும்.

பங்குச் சந்தையில் இருக்கும் பெருநிறுவனங்களுக்கு இவ்வளவு மறைக்கும் வசதி இல்லை. கிராண்ட்பாஸில் நெடுங்காலம் தொழிற்சாலை நடத்திய யூனிலீவர், லிப்டன் உள்ளிட்ட தன் தேயிலைத் தொழிலின் எதிர்காலத்தை மீளாய்வு செய்வதாக 2020 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. சி.வி.சி. முதலீட்டு நிறுவனத்துக்கு 450 கோடி யூரோவுக்கு விற்கும் செய்தி 2021 நவம்பரில் வந்தது. கைமாற்றம் 2022 ஜூலையில் முடிந்தது. அத்தனை நீண்ட நிச்சயமின்மையைப் பெரிய நிறுவனம் தாங்கும். கடனில் சுழலும் கடை தாங்காது.

இதில் அதிகம் புறக்கணிக்கப்படுபவர்கள் ஊழியர்கள். பேரம் உறுதியாகும் வரை அவர்களுக்குச் சொல்லாதிருப்பதில் நியாயம் உண்டு. நல்ல வேலையாட்கள் முதலில் வேறிடம் தேடிவிடுவார்கள். ஆனால் உடன்படிக்கை கையெழுத்தான பின்னும் மறைப்பது அநியாயம். பத்துப் பதினைந்து வருடம் மூட்டை சுமந்தவர் தன் வேலையின் கதியைத் தேநீர்க் கடையில் கேட்டறியக் கூடாது. முதலாளியே நேரில் சொல்ல வேண்டும். சட்டமும் அந்தப் பக்கமே நிற்கிறது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களில், ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ இல்லாமல் வேலையை நிறுத்தத் தடை விதிக்கிறது. அத்தகைய இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு, 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடையும் சேரும். சேமலாப நிதி நிலுவை, பணிக்கொடைக் கணக்கு, புது முதலாளியிடம் தொடர முடியுமா என்ற மூன்றுக்கும் பதிலோடு போவதற்குக் கைமாற்றத்துக்கு முன் சில வாரங்களாவது வேண்டும்.

ஊழியர்களுக்கு அடுத்தபடியாக வங்கிக்கும் சரக்குக் கொடுப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். நிலுவைக் காசோலைகளை யார் தீர்ப்பது என்பதை அப்போதே எழுத்தில் வைப்பது அவசியம். வாடிக்கையாளருக்குப் புதியவரை அறிமுகப்படுத்தும் நாளில் பழையவரும் கடையில் இருப்பது நல்லது.

கூட்டு வியாபாரத்தில் இன்னொரு கடமை உண்டு. இலங்கையின் கூட்டு வியாபாரத்துக்கு ஆங்கிலச் சட்டமே பொருந்துவதால், விலகிய பங்காளி அதை அறிவிக்காவிட்டால், பின்னால் ஏற்படும் கடனும் அவர் தலையில் விழலாம். வர்த்தமானி விளம்பரம் புதியவர்களுக்குப் போதும். ஏற்கெனவே கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர்களுக்குத் தனித்தனியே கடிதம் அனுப்பவேண்டும்.