நிற்கும் கோடுகள், ஓடும் பட்டைகள்

மலை இல்லை, மரம் இல்லை, மனித முகமும் இல்லை. கட்டம், வட்டம், கோடு, அவ்வளவுதான். இப்படிப்பட்ட படங்களை நம்பி ஒருவர் ஓவியக்கூடம் நடத்த முடியுமா? பாரிஸில் டெனிஸ் ரெனே என்ற அம்மையார் நடத்திக் காட்டினார். லா போயெத்தி தெருவில் 1944ஆம் ஆண்டு தம் கூடத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் பாரிஸ் ஹிட்லரின் படைகளிடமிருந்து விடுபட்டிருந்தது. ஊரில் ரொட்டிக்கே தட்டுப்பாடு. அந்த நேரத்தில் படம் வாங்க யார் வருவார் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. 99 வயதில், 2012இல் இறக்கும் வரை கட்டத்தையும் வட்டத்தையும் அவர் விடவே இல்லை.

அவர் நடத்திய கண்காட்சிகளில் ஒன்றை மட்டும் இங்கே பார்ப்போம். 1955 ஏப்ரலில் நடந்தது. பெயர் ‘இயக்கம்’. எட்டுக் கலைஞர்களின் படைப்புகள் இருந்தன. வந்தவர்களுக்கு மஞ்சள் தாளில் அச்சிட்ட ஒரு துண்டறிக்கையும் கிடைத்தது. சில படைப்புகள் மோட்டாரால் சுழன்றன, சில காற்றில் ஆடின. இவை ஆச்சரியமில்லை. மின்விசிறியும் சுழல்கிறது, கொடித்துணியும் ஆடுகிறது. எனக்குப் பிடித்தவை மூன்றாவது வகை. சுவரில் சும்மா மாட்டியிருக்கும், எதுவும் அசையாது. ஆனால் நீங்கள் ஓரடி நகர்ந்தால் படம் புரளும்.

அந்த வகையில் கெட்டிக்காரர் ஹெசூஸ் ரஃபேல் சோட்டோ. வெனிசுவேலா நாட்டுக்காரர். 1950இல் பாரிஸுக்கு வந்து, கிதார் வாசித்துச் சம்பாதித்துக்கொண்டே ஓவியமும் செய்துவந்தார். மார்செல் துஷாம்ப் என்ற மூத்த கலைஞர் 1925இல் செய்த ஒரு கருவியும் அந்தக் கண்காட்சியில் இருந்தது. அரைக்கோளம் ஒன்றில் வட்ட வட்டமாகக் கோடுகள். மோட்டார் அதைச் சுழற்றும்போது கோடுகள் நம்மை நோக்கிப் புடைத்து வருவதுபோல் தெரியும். சோட்டோவுக்கு அது பிடித்திருந்தது, மோட்டார்தான் பிடிக்கவில்லை. கண்காட்சி நடந்த அதே 1955இல் அவர் ‘சுருள்’ என்ற படைப்பைச் செய்தார். பின்னால் ஒரு பலகை, அதில் வளைகோடுகள். முன்னால் சற்று இடைவெளி விட்டு, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பிளெக்ஸிகிளாஸ் தகடு, அதிலும் கிட்டத்தட்ட அதே வளைகோடுகள். (இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் தலைக்கு மேல் கூண்டாக இருந்தது இந்தப் பிளெக்ஸிகிளாஸ்தான்.) மோட்டார் இல்லை, மின்சாரமும் இல்லை. பார்ப்பவர் நடந்தால் கோடுகள் சுழல்வதுபோல் தெரிகிறது.

எப்படி? இதற்குள் இரண்டு செய்திகள் இருக்கின்றன.

முதலாவது, இடமாறு தோற்றம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, விரலை முகத்துக்கு முன் நீட்டித் தலையை இடமும் வலமும் ஆட்டுங்கள். விரல் பின்சுவரின் மேல் வழுக்கிப் போவது தெரியும். கிட்டே இருப்பதும் தூரத்தில் இருப்பதும் கண்ணுக்கு ஒரே அளவில் நகர்வதில்லை. அதுபோல நீங்கள் நடக்கும்போது, சோட்டோவின் முன் தகட்டுக் கோடுகள் பின் பலகைக் கோடுகளின் மேல் மெல்ல வழுக்குகின்றன.

ஆனால் அந்த வழுக்கல் மிகச் சிறியது. அதைப் பெரிதாக்குவது இரண்டாவது செய்தி. அதன் பெயர் மொய்ரே. நெருக்கமான இரண்டு கோட்டு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று வரும்போது, எந்த வரிசையிலும் இல்லாத அகலமான பட்டைகள் தோன்றும். கொசுவலையை இரண்டாக மடித்து வெளிச்சத்தில் பிடித்தால் நெளிநெளியாகத் தெரிவது அதுதான். கணினித் திரையைக் கைபேசியில் படம் எடுத்தால் வருகிற வானவில் வரிகளும் அதுவே. அங்கே திரையின் புள்ளிக்கட்டமும் கேமராவின் புள்ளிக்கட்டமும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. பேருந்தில் மேம்பாலத்துக்குக் கீழே போக நெருங்கும்போது, இரண்டு பக்கக் கைப்பிடிக் கம்பிகளும் சேர்ந்து பட்டை பட்டையாக ஓடுவதையும் கவனித்திருப்பீர்கள்.

இதன் கணக்கு எளிது. 10 செ.மீ. அகலத்தில் ஒரு தாளில் 20 கோடுகள், இன்னொன்றில் 22 கோடுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் சில இடங்களில் கோட்டின் மேல் கோடு விழும். வெள்ளை இடைவெளி திறந்திருப்பதால் அங்கே வெளிச்சம். சில இடங்களில் ஒன்றின் இடைவெளியை மற்றொன்றின் கோடு அடைத்துவிடும், அங்கே இருட்டு. எத்தனை பட்டைகள் வரும்? 22இலிருந்து 20ஐக் கழியுங்கள். இரண்டு. ஒவ்வொன்றும் 5 செ.மீ. அகலம். இப்போது 20 கோட்டுத் தாளை ஒரு கோட்டின் தூரம், அதாவது 5 மி.மீ. நகர்த்தினால், பட்டை தன் முழு அகலமான 5 செ.மீ. ஓடிவிடும். நகர்த்தியது ஒரு பங்கு, ஓடியது பத்துப் பங்கு! இரண்டு வரிசைகளின் கோட்டு எண்ணிக்கை எவ்வளவு நெருங்கி இருக்கிறதோ, அவ்வளவு பெரிதாகும் இந்தப் பெருக்கம். சோட்டோவின் படத்தின் முன்னால் நீங்கள் எடுத்துவைக்கும் ஓரடிக்குப் படம் அவ்வளவு புரள்வது இதனால்தான்.

பள்ளி ஆய்வகத்தில் இதைத் தொட்டிருப்பீர்கள். வெர்னியர் அளவியில் முதன்மைக் கோலின் 9 பிரிவுகள் வெர்னியரின் 10 பிரிவுகளுக்குச் சமம். வெர்னியர் 0.1 மி.மீ. நகர்ந்தால் கோடும் கோடும் நேராகப் பொருந்தும் இடம் அடுத்த பிரிவுக்குத் தாவிவிடும். சிறிய நகர்வைப் பெரிதாக்கிக் காட்டும் அதே உத்தி. 1631இல் பியேர் வெர்னியர் இதை எழுதியபோது ஓவியத்தை நினைத்திருக்க வழியில்லை. பின்னர் 1874இல் இயற்பியல் அறிஞர் ராலே பிரபு, மிக நெருக்கமாகக் கீறிய கோடுகள் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்க மொய்ரேயைப் பயன்படுத்தலாம் என்றார். மருத்துவர்கள் முதுகின் மேல் மொய்ரே வரிகளை விழச்செய்து, முதுகெலும்பு கோணலாக இருக்கிறதா என்றும் பார்த்திருக்கிறார்கள்.

சோட்டோவின் படத்தில் ஓட்டம் உண்மையாகவே கோடுகளுக்கு இடையில் நடக்கிறது. டெனிஸ் ரெனேயின் கூடத்தில் முதல் நாளிலிருந்தே இருந்த விக்டர் வாசரேலியின் கதை வேறு. ஹங்கேரியில் பிறந்தவர், விண்மீன்களின் பெயரைப் படங்களுக்கு வைப்பதில் விருப்பம் உள்ளவர். ‘ஆர்க்டரஸ்’ என்று ஒரு பட வரிசை. சதுரத்துக்குள் சதுரம், அதற்குள் சதுரம். உள்ளே போகப் போக நிறம் வெளுத்துக்கொண்டே வரும். உற்றுப் பார்த்தால் மூலைக்கு மூலை பெருக்கல் குறிபோல ஒளிக்கோடுகள் மின்னும். அவற்றை வாசரேலி வரையவில்லை. ஒவ்வொரு சதுரப் பட்டையிலும் நிறம் எங்கும் ஒரே சீராகத்தான் இருக்கிறது. அந்தக் கோடுகள் உருவாவது உங்கள் கண்ணில்.

விளக்கத்துக்குக் குதிரைலாட நண்டிடம் போக வேண்டும். (அது நண்டே அல்ல, சிலந்திக்கும் தேளுக்கும் சொந்தம்.) அதன் கண்ணில் உள்ள சிறு கண்கள் பெரியவை, ஒவ்வொன்றின் நரம்பையும் தனியே பிரித்துச் சோதிக்கலாம். அமெரிக்க அறிஞர் கெஃபர் ஹார்ட்லைன் அப்படிச் சோதித்தார். ஒரு சிறு கண்ணில் ஒளி விழுந்தால் அதன் நரம்பு துடிக்கும். பக்கத்துச் சிறு கண்ணிலும் ஒளி விழுந்தால், முதல் நரம்பின் துடிப்பு குறையும்! வகுப்பில் பக்கத்துப் பெஞ்சுக்காரன் கத்தினால் உங்கள் குரல் அமுங்கிப்போகிறதே, அப்படி. இந்தக் கண்டுபிடிப்புகளுக்காக 1967இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நம் விழித்திரையிலும் இந்த அமுக்கல் உண்டு.

இப்போது வாசரேலியின் சதுரத்துக்குத் திரும்புவோம். சதுரத்தின் பக்கவாட்டு விளிம்பை ஒட்டிய புள்ளிக்குச் சுற்றுப்புறத்தில் பாதி இருட்டு, பாதி வெளிச்சம். மூலையை ஒட்டிய புள்ளிக்கோ சுற்றுப்புறத்தில் முக்கால் பங்கு இருட்டு. அமுக்கும் வெளிச்சம் குறைவு என்பதால் மூலைப் புள்ளி கூடுதலாக ஒளிர்கிறது. சதுரங்களின் மூலைகள் வரிசையாக அமைய, அந்த ஒளிர்வுகள் சேர்ந்து கோடாகின்றன. பார்வையை ஆராயும் அறிஞர்கள் இந்தச் சதுரங்களை இன்றும் சோதனைக்கு எடுத்துக்கொள்கிறார்கள், வாசரேலியின் பெயரோடே.

1965இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இப்படிப்பட்ட படங்களைத் திரட்டிப் பெரிய கண்காட்சி நடத்தியது. கூட்டம் அலைமோதியது. இங்கிலாந்தின் பிரிட்ஜெட் ரைலி வரைந்த கறுப்பு வெள்ளை அலைகளைத் துணி வியாபாரிகள் உடைகளில் அச்சடித்து விற்க, அவருக்குக் கோபம் வந்தது. விமர்சகர்கள் சிலர், “இது கலையா, கண்கட்டு வித்தையா?” என்று முகம் சுளித்தார்கள். எல்லாப் படங்களும் மனதில் நிற்பவை அல்ல, உண்மைதான்; சில படங்கள் தலைவலி தருவதோடு சரி. ஆனாலும் நான் ஓவியர்கள் பக்கம். மலையை வரைந்தவர், மலை எப்படி இருக்கிறது என்று சொல்கிறார். இவர்கள், பார்ப்பது என்றால் என்ன என்று கேட்டார்கள்.

நீங்களும் செய்து பார்க்கலாம். மேலே சொன்ன 20 கோட்டு, 22 கோட்டு வரிசைகளைக் கணினியில் வரையுங்கள். கறுப்பும் வெள்ளையும் சம அகலத்தில் இருக்கட்டும். ஜெராக்ஸ் கடையில் ஒளிபுகும் தாளில் அச்சிட்டு வாங்குங்கள். இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் விரல் தடிமன் இடைவெளியில் பிடித்து, ஒரு கண்ணை மூடித் தலையை ஆட்டினால் உங்கள் கையில் சிறிய சோட்டோ. வலிப்பு நோய் உள்ளவர்கள் மட்டும் இதைத் தவிர்த்துவிடுங்கள்; நெருக்கமான கறுப்பு வெள்ளைக் கோடுகள் சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடும்.

பிறகு இரண்டு தாள்களையும் ஒட்டி வைத்து, முதலில் 20 கோட்டுத் தாளை மட்டும் வலப்பக்கம் மெல்ல நகர்த்துங்கள். அடுத்து அதை அசைக்காமல் 22 கோட்டுத் தாளை வலப்பக்கம் நகர்த்துங்கள். பட்டைகள் இரண்டு முறையும் ஒரே திசையில் ஓடுகின்றனவா? ஏன் என்று கண்டுபிடித்து உங்கள் கணக்கு ஆசிரியரிடம் சொல்லுங்கள்.